ஈ, தா, கொடு: நிவாரணப் பட்டியலை எழுதுவது யார்?



பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு என்றால் பௌத்தம் பற்றியோ, இதழியல் பற்றியோ, பூர்வ சரித்திரம் பற்றியோ பேசுவது வழக்கம். இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் உதவி. வெள்ளம் வந்தால் அரிசி, ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், குளிர்காலத்தில் போர்வை என்று நம்மைப் போன்ற அமைப்புகள் எல்லாம் செய்துவரும் அந்தத் தொண்டு வேலை. இலக்கிய மேடைக்கு இது பொருந்துமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். பொருந்தும் என்பதற்கு எங்களிடம் ஒரு காரணம் இருக்கிறது. அது எங்கள் தவறு ஒன்றோடு சேர்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். சொல்லின் வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டுப் பேசுவதுதானே பண்டிதரின் வழக்கம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களைப் பற்றி ஒரு விதி உண்டு. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான், எனக்கு ஒன்றை வழங்கு என்பதுதான். ஆனால் தாழ்ந்தவன் கேட்கும்போது ‘ஈ’ என்பான், ஒத்தவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான் என்று இலக்கணம் பிரிக்கிறது. கேட்கப்படும் பொருள் ஒரே படி நெல்லாக இருக்கலாம். கேட்பவன் எங்கே நிற்கிறான் என்பதை வைத்துச் சொல் மாறிவிடுகிறது. இன்று பேச்சு வழக்கில் இந்த வேறுபாடு அழிந்துவிட்டது. நாம் எல்லாரும் எல்லாரிடமும் ‘குடு’ என்றுதான் கேட்கிறோம். சொல்லில் அழிந்தது வரிசையில் அழியவில்லை. நிவாரண லாரிக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். யார் ஈ என்று நிற்கிறார்கள், யார் கொடு என்று நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

2004 டிசம்பர் 26. அன்றைய சுனாமியில் தமிழ்நாட்டில் அதிகம் பேரை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். உலகம் முழுவதிலிருந்தும் பணமும் பொருளும் வந்தன. மனிதர்களின் இரக்கத்தில் அன்று குறையே இல்லை. அதை மறுப்பது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் அந்த இரக்கம் கடற்கரையில் வந்து இறங்கியபோது அதற்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது. பட்டியல் படகை வைத்தும், வலையை வைத்தும், கரையோரத்தில் இடிந்த வீட்டை வைத்தும் எழுதப்பட்டது. பல இடங்களில் மீனவர் பஞ்சாயத்துகள் தந்த குடும்பக் கணக்கே அதற்கு அடிப்படை. மீனவர்கள் பட்ட துயரம் பெரியது. அவர்களுக்குக் கிடைத்ததில் ஒரு பைசாவும் தவறில்லை. நாங்கள் கேட்பது வேறு. படகு இல்லாத ஒருவர் அந்தக் கடலை நம்பி வாழ்ந்திருக்க முடியாதா? மீன் சுமந்தவர்கள், கருவாடு காயவைத்தவர்கள், உப்பளத்தில் வாரியவர்கள், உப்புநீர் ஏறிய வயல்களில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள், கழிமுகத்தில் கையால் இறால் பிடித்த இருளர்கள் எல்லாருக்கும் பிழைப்பு ஒரே காலையில் போயிற்று. அவர்கள் பெயரில் பதிவான சொத்து எதுவும் அழியவில்லை, காரணம் சொத்து என்று ஒன்று முன்பே இல்லை. ஆகவே ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற சொல்லுக்குள் அவர்களால் நுழைய முடியவில்லை.

முகாம்களில் நடந்ததும் பதிவாகியிருக்கிறது. தலித் குடும்பங்கள் தனியிடத்துக்கு அனுப்பப்பட்டதையும், தண்ணீர்த் தொட்டியைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் இன்றும் படிக்கலாம். அதே வாரத்தில் இடிபாடுகளுக்குள்ளிருந்து பிணங்களை எடுத்தவர்கள் யார்? பல நகராட்சிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். பிணத்தைத் தொடும்போது தீட்டு இல்லை, தொட்டியைத் தொடும்போதுதான் வந்தது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் வெளிமாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்துதான் நகரத்தைக் கழுவினார்கள். கையுறை இல்லாமல் குப்பை அள்ளியவர்களின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. அவர்கள் அந்தப் பேரிடரின் ‘தொண்டர்கள்’ பட்டியலிலும் இல்லை, ‘பாதிக்கப்பட்டவர்கள்’ பட்டியலிலும் இல்லை.

சமத்துவம் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு கார்டுக்கு ஐந்து கிலோ அரிசி என்பது பார்வைக்குச் சமம். கார்டு இல்லாதவருக்கு அது பூஜ்யம். கார்டு இருந்து அடுப்பு நனைந்து கிடப்பவருக்கு அது வேகாத அரிசி. மூன்று நாள் வேலைக்குப் போகாமல் டோக்கனுக்காக அலைந்தவருக்கு அது நஷ்டம். சமமாகப் பிரிப்பது தராசு வேலை. நியாயமாகப் பிரிக்க வேண்டுமென்றால் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். ஆளைத் தெரிய அந்தத் தெருவிலிருந்து ஒருவர் பட்டியல் எழுதும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1932இல் அம்பேத்கர் இதைத்தான் கேட்டார். பூனா ஒப்பந்தம் செப்டம்பர் 24இல் கையெழுத்தாகி ஒரு வாரத்துக்குள் பம்பாயில் தீண்டாமை ஒழிப்புக்கென ஓர் அமைப்பு உருவானது. ஜி.டி. பிர்லா தலைவர், ஏ.வி. தக்கர் செயலாளர். பின்னால் ஹரிஜன் சேவக் சங்கம் என்று பெயர் மாறியது அதுதான். நவம்பரில் மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சங்கம் என்ன செய்ய வேண்டும், எதில் காலத்தை வீணாக்கக் கூடாது என்று அதில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். குடியை விடு, நூலகம் போ என்று தனி ஆட்களைத் திருத்தும் வேலையில் சக்தியைச் செலவிடாதீர்கள். எங்கள் நிலைக்குக் காரணம் எங்கள் குணமல்ல, எங்களைச் சுற்றியிருக்கும் சூழல் என்பது அவர் வாதம். பொதுக் கிணறு, பள்ளிக்கூடம், சாவடி ஆகியவற்றில் நுழையும் உரிமைக்காக ஊர் ஊராகப் போராடுங்கள், வேலையில் சம வாய்ப்புக்குப் பாடுபடுங்கள், உங்கள் வீடுகளுக்குள் எங்களை வரவிடுங்கள் என்றார். அந்த வேலைகளைச் செய்யும் ஊழியர்களைத் தீண்டப்படாதவர்களிடையேயிருந்தே எடுக்க வேண்டும், அவர்களுக்குத்தான் அது கூலி வேலையாக இராமல் அன்பு வேலையாக இருக்கும் என்பதும் அதில் உண்டு.

அந்தக் கடிதம் கிடைத்தது என்ற ஒப்புதல்கூட வரவில்லை என்று 1945இல் வெளியான நூலில், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று ஆராயும் அந்த நூலில், அம்பேத்கரே எழுதினார். சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு இடம் கேட்டபோது காந்தி சொன்ன பதிலையும் அதில் தருகிறார். இது இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் அவர்களுடையது, ஆகவே நடத்துவதும் அவர்களே என்பது அந்தப் பதிலின் சாரம். கடன் வாங்கியவன் தான் எப்படித் திருப்பிக் கட்டுவது என்பதையும் தானே முடிவுசெய்வான், கடன் கொடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது போலத்தான் இது இருக்கிறது. சங்கத்தின் விடுதிகளில் தங்கிப் படித்து வந்த பெரியவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். அந்தச் சோற்றை நாங்கள் இழிவாகப் பேசவில்லை. அந்த விடுதியின் சாவி யாரிடம் இருந்தது என்று மட்டும் கேட்கிறோம்.

வேறு வழி அப்போதே இருந்தது. 1924இல் அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபைக்குத் தலைவர் சர் சிமன்லால் செதல்வாட். சாதி இந்து, புகழ்பெற்ற வழக்குரைஞர். ஆனால் நிர்வாகக் குழுவின் தலைவர் அம்பேத்கர். பணமும் பெயரும் தருபவர்களுக்கு மரியாதையான நாற்காலி உண்டு. முடிவெடுக்கும் மேசை நம்முடையது. அடுத்த ஆண்டே சோலாப்பூரில் நம் மாணவர்களுக்கு விடுதி திறந்தார்கள். தமிழ்நாட்டில் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விப் பணியைத் தொடங்கியதும் இந்த வகைதான். நன்கொடை எங்கிருந்து வந்தாலும் அதை நடத்தியவர் நம்மில் ஒருவர்.

பூலே தம்பதியர் இன்னொரு வகை. 1868இல் ஜோதிராவ் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட்டார். தனியாக ஒரு தொட்டி கட்டிக் கொடுத்திருந்தால் அது தர்மம். பலர் பாராட்டியிருப்பார்கள், யாருக்கும் கோபம் வந்திருக்காது. அவர் தாம் குடிக்கும் தண்ணீரையே பொதுவாக்கினார். 1897இல் பிளேக் பரவியபோது சாவித்திரிபாய், முண்டவாவின் மகார் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவனைத் தம் முதுகில் சுமந்து மகன் யஷ்வந்தின் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அந்த நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10இல் இறந்தார். அவரும் நம் சாதியில் பிறந்தவரல்ல. பிறப்பை வைத்து நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

பண்டிதருக்கு வருவோம். 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுப் பக்கம் பஞ்சமர் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு வேறு சில பள்ளிகளும் வந்தன. அமெரிக்கர் ஒருவரின் தயவு என்று அதை எழுதிவிட்டுப் போகலாம். நடந்தது அதற்கு மேல். 1898இல் பண்டிதரும், அந்தப் பள்ளியோடு தொடர்புள்ள ஆசிரியர் கிருஷ்ணசாமியும் ஆல்காட்டைச் சந்தித்து, அவரோடு இலங்கைக்குப் போய், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்கள். உதவி கேட்டுப் போனவர்கள் சங்கம் கட்டியவர்களாகத் திரும்பினார்கள். 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. நாலு பக்கம், விலை ஒரு பைசா. அந்த விலையைப் பற்றி நாங்கள் அடிக்கடி யோசிப்பதுண்டு. இலவசமாகவே கொடுத்திருக்கலாம். ஒரு பைசா கொடுத்து வாங்கியவர் வாசகர், சந்தாதாரர். இதழ் தாமதமானால் ஏன் என்று கேட்க உரிமையுள்ளவர். கோலார் தங்கவயலின் தமிழ்த் தொழிலாளர்கள் பண்டிதரின் பணிக்குத் தோள் கொடுத்ததும், அவர் மறைந்த பிறகு அவர் எழுத்துகளை அங்கே நூல்களாக அச்சிட்டதும் இந்த உரிமையின் தொடர்ச்சி. சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்தவர்கள் சேர்த்த காசு அது.

பட்டியலைப் போலவே கரண்டிக்கும் ஒரு கதை உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியபோது ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. 1956இல் காமராசர் காலத்தில் அது மாநிலத் திட்டமாயிற்று, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு, 2022இல் காலை உணவு. பசியை ஆற்றியதோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தையும் இத்திட்டம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆனால் சமைப்பவர் தலித் பெண் என்றால்? 2018இல் அவிநாசிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் அப்படி ஒரு பெண்ணைச் சமைக்கவிடாமல் தடுத்தார்கள். அவரை இடம் மாற்றி உத்தரவும் போட்டார்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் அது திரும்பப் பெறப்பட்டது. தலித் பிள்ளை வரிசையில் உட்காருவதைச் சகித்துக்கொண்டவர்களால் தலித் பெண்ணின் கையில் கரண்டியைச் சகிக்க முடியவில்லை. வாங்கும் இடத்தில் நாம் இருக்கலாம், வழங்கும் இடத்தில் இருக்கக் கூடாது. ஊர்க் கோயில் அன்னதானத்தில் இலை போட நமக்கு அனுமதி கிடைத்த பிறகும், பரிமாற அனுமதி கிடைத்த ஊர்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசிவிட்டோம். பேசுவது சுலபமாக இருந்தது. இனி எங்கள் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், ஏரி உடைந்து தண்ணீர் புகுந்த காலனி ஒன்றுக்கு நம் அமைப்பின் சார்பில் அரிசி, பருப்பு, தார்ப்பாய், பாய் எல்லாம் சேர்த்து டெம்போவில் கொண்டுபோனோம். பட்டியலை அந்தக் காலனித் தோழரும் அங்குள்ள பெரியவர்கள் சிலரும் எழுதித் தந்தார்கள். வெளியாள் யாருமில்லை, எல்லாம் நம் மக்கள். மேலே சொன்ன விதிப்படி பார்த்தால் குறையில்லாத பட்டியல். ஒவ்வொரு பெயராக வாசித்துக் கொடுத்து முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சுடுகாட்டுப் பாதை ஓரத்தில் தனியாக இரண்டு குடிசைகள் தெரிந்தன. கூரையில் பாதி இல்லை. அங்கே யார் என்று கேட்டோம்.

“அவங்க வண்ணாரு தோழர். நம்ம குடிக்கணக்குல வரமாட்டாங்க. அவங்களுக்குத்தான் சாயங்காலம் வீட்டுக்கு வீடு சோறு போடுறோமே” என்றார் பட்டியல் தந்த தோழர். கெட்ட மனதோடு சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த செய்தியைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

புதிரை வண்ணார். நம் வீட்டுத் துணி வெளுத்து, நம் பிறப்புக்கும் சாவுக்கும் நின்று, நம் வாசலில் சோறு வாங்கியவர்கள். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வெளிவந்தபோது தலித் இலக்கிய வட்டத்தில் எவ்வளவு பெரிய விவாதம் நடந்தது என்பது இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். அந்த நாவலுக்கு நாங்களே கூட்டம் போட்டிருக்கிறோம். ஆரோக்கியத்துக்காக அழுதிருக்கிறோம். 2009இல் தமிழ்நாடு அரசு புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தபோது வரவேற்று எழுதியிருக்கிறோம். அத்தனையும் படித்த எங்கள் கண்ணுக்கு அந்தக் குடிசைகள் டீ குடிக்கும் நேரத்தில்தான் தெரிந்தன. இலக்கிய மேடையில் இதைப் பேச வேண்டும் என்று நாங்கள் முடிவுசெய்ததற்குக் காரணம் இதுதான்.

மீதியிருந்த இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு போனோம். அந்த வீட்டு அம்மா பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நாங்கள் நோட்டில் அவர் பெயரை எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “எம்பேரு எழுதிக்கிட்டீங்க. ஒம்பேரு என்னா தம்பி?” என்றார். எழுதிக்கொண்டிருந்த தோழருக்குச் சட்டென்று வாய் வரவில்லை. அந்த நோட்டில் அன்று எழுதப்பட்ட பெயர்கள் எல்லாம் வாங்கியவர்களுடையவை. கொடுத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. யாருக்கும் எங்களைத் திரும்பக் கேள்வி கேட்க வழியில்லை.

அதற்குப் பிறகு சில வழக்கங்களை மாற்றினோம். பட்டியலை முந்தின நாளே தெருவில் உரக்க வாசிக்கிறோம். யார் விட்டுப்போனார்கள் என்று கேட்கிறோம். கடைசி வீட்டிலிருந்து தொடங்கி எழுதுகிறோம், பெரும்பாலும் கடைசி வீடுதான் விட்டுப்போகிறது. மூட்டை இறக்கும் வேலைக்கு அந்தத் தெரு ஆட்களையே அமர்த்திக் கூலி கொடுக்கிறோம். வெள்ளக் காலத்தில் அரிசியைவிட அந்த இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு மதிப்பு அதிகம். கணக்கை, டெம்போ வாடகை உட்பட, வாங்கியவர்கள் முன்னால் வாசிக்கிறோம். பை கொடுக்கும்போது படம் எடுப்பதை நிறுத்திவிட்டோம். இதனால் நன்கொடை குறைந்தது. படம் இல்லாமல் எப்படி நம்புவது என்று கேட்ட நண்பர்கள் உண்டு. வந்து நீங்களே கணக்கு வாசிக்கும்போது உட்காருங்கள் என்றோம். சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். உரக்க வாசிக்கும்போது சண்டை வருகிறது. ஒரு தெருவில் அருந்ததியர் வீடுகளை ஏன் சேர்த்தீர்கள் என்று பட்டியலையே கிழித்தார்கள். மதியம் கொடுக்க வேண்டியது இரவாகிவிட்டது, மழையில் நனைந்து அரிசி ஒரு மூட்டை வீணாயிற்று. வேகமாகக் கொடுப்பதா, விட்டுப்போகாமல் கொடுப்பதா என்று ஒவ்வொரு முறையும் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கிறது. அரிசி கொடுக்கப் போன இடத்தில் சாதிச் சான்றிதழ் பிரச்சினை கிளம்பும். புதிரை வண்ணார் என்று சான்று கேட்டு அலுவலகம் அலுவலகமாக நடந்து, அது கிடைக்காமல் பிள்ளையின் படிப்பு நின்ற வீடுகள் இருக்கின்றன. ஒரு பை அரிசி ஒரு வாரம். அந்தச் சான்றிதழுக்காக தாசில்தார் அலுவலகத்துக்குக் கூடப் போவது நாலு மாத வேலை, படத்துக்கும் செய்திக்கும் ஆகாத வேலை. இப்போது எங்கள் தோழர்கள் இரண்டு பேர் அதை மட்டும் பார்க்கிறார்கள்.

இந்த ஜூனில் நோட்டுப் புத்தகம் கொடுக்கும் ஊர்களில் அந்தக் காலனியும் ஒன்று. பட்டியல் எழுதும் குழுவில் சுடுகாட்டுப் பாதை வீட்டுப் பெண்பிள்ளை இருக்கிறாள், அந்த அம்மாவின் பேத்தி, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கையும் அவளே வாசிக்கட்டும் என்றோம். காலனிப் பெரியவர்களில் இரண்டு பேர் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை போய் அவர்களிடம் பேசப் போகிறோம். வர முடிந்த தோழர்கள் ஒன்பது மணிக்குள் இந்த மண்டப வாசலுக்கு வந்துவிடுங்கள்.